நாற்பது குப்பிகளும் ஒரு கிணறும்

முப்பத்தொரு வருடங்களாக என்னைச் சர்க்கரை உருண்டை டாக்டர் என்று கேலி செய்தவர்களை வரிசையாக நிறுத்தினால், காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்துச் சென்னிமலை அடிவாரம் வரைக்கும் நிற்பார்கள். முதல் ஆள் என் கூடப்பிறந்த அண்ணன். ஒரு சொட்டு மருந்தை நூறு பங்கு தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு சொட்டை எடுத்து மறுபடி நூறு பங்கில் கரைத்து, இப்படியே முப்பது தடவை போனால் குப்பியில் மிஞ்சுவது வெறும் தண்ணீர்தான் என்று பத்தாம் வகுப்பைத் தாண்டியவனெல்லாம் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறான். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். பொருள் போய்விடும், தண்ணீர் மறக்காது.

என் பெயர் பூவாத்தாள். ஹோமியோபதி முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். கம்பெனி மருந்தை வாங்கிக் கைமாற்றிவிடும் பழக்கம் எனக்கு இல்லை. மூலச்சாறு மட்டும் வெளியிலிருந்து வரும், மீதியெல்லாம் என் கைவேலை. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, குப்பியை இறுக மூடி, தோல் அட்டை போட்ட தடித்த புத்தகத்தின் மேல் நூறு தடவை தட்ட வேண்டும். அதிலிருந்து அடுத்த குப்பிக்கு ஒரு சொட்டு, மறுபடி நூறு தட்டு. தட்டத் தட்டத்தான் வீரியம் ஏறும் என்பது எங்கள் நம்பிக்கை. தட்டித் தட்டியே என் வலது மணிக்கட்டு தேய்ந்துவிட்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. புதிதாக ஒருவர் வந்தால் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்பேன். தாகம் எப்படி, வேர்வை எந்த இடத்தில், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும், கோபம் வந்தால் அழுகையா கத்தலா, கனவில் என்ன வருகிறது. அத்தனையையும் நோட்டில் எழுதிவைப்பேன். அறுபத்து நான்கு நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. இந்தக் கதையில் பெட்டியைவிட அந்த நோட்டுகளுக்குத்தான் வேலை அதிகம்.

பெட்டி என்று சொன்னது நவமணியின் பெட்டியை. நவமணி கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். நாற்பது வயது இருக்கும். யாராவது ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அரிசி டப்பா அளவில் அவர் செய்த கருவி தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, அந்தத் தண்ணீர் முன்பு எதனோடு பழகியது என்று காட்டுவதாகச் செய்தி வந்தது. ஊர் அதற்குத் தண்ணிப்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டது. செய்தியைப் படித்த மறுநாளே நான் அவர் வாசலில் நின்றேன்.

அவர் அன்று சொன்னதை அப்படியே தருகிறேன். "தண்ணியோட மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும், உடனே விட்டுடும். கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள கோடிக்கணக்கான தடவ நடக்குதுங்க. அதனாலதான் தண்ணிக்கு ஞாபகமே இருக்க முடியாதுன்னு நாங்கெல்லாம் சாதிச்சிட்டிருந்தோம். ஆனா ஒரு பொருளோட வருசக்கணக்காக் கெடந்த தண்ணியில, அந்தப் பொருள மொத்தமா எடுத்த பொறகும், கை கோக்குற விதத்துல ஒரு பழக்கம் மிஞ்சுதுங்க. அதுக்குத்தான் சுவடுன்னு பேர் வெச்சிருக்கேன்."

நூறு தடவை தட்டிய தண்ணீரில் அது இருக்குமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சோதித்தால் தெரியும் என்றார்.

ஒரு மாதம் கழித்து நாற்பது குப்பிகளைக் கொண்டுபோனேன். முப்பத்தாறில் மருந்து, நான்கில் நான் மருந்து செய்யப் பயன்படுத்தும் வெறும் வடிநீர். எல்லாவற்றின் பெயர்ச்சீட்டையும் கிழித்து எண் ஒட்டி, எது எது என்ற பட்டியலை மூன்றாம் ஆள் ஒருவரிடம் உறை போட்டுக் கொடுத்துவிட்டார் நவமணி. பெட்டி முன்னால் உட்காருகிறவருக்கு எதுவும் தெரியக் கூடாதாம். என்னை நம்பவில்லையா என்று சண்டைக்குப் போனேன். தன்னையே தான் நம்பவில்லை என்று சொல்லி என் வாயை அடைத்தார்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. நாற்பது குப்பிகளிலும் சுவடு இருக்கிறது என்றார். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை, முப்பத்தொரு வருட அவமானம் அது. அண்ணனுக்குப் போன் போட வேண்டும் என்று கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். நவமணி மட்டும் சிரிக்கவில்லை.

"நாப்பதுலயும் ஒரே சுவடுங்க, டாக்டரம்மா," என்றார்.

கந்தகத்தில் செய்த மருந்துக்கும் எட்டிக்கொட்டையில் செய்த மருந்துக்கும் தேனீயில் செய்த மருந்துக்கும் ஒரே சுவடு. மருந்தே விடாத அந்த நான்கு குப்பிகளுக்கும் அதே சுவடு. நான் தட்டிய தட்டு எதுவும் தண்ணீரில் ஏறவில்லை. தண்ணீர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தது. எதை என்று கேட்டேன். பெட்டிக்குப் பெயர் தெரியாது, முகம்தான் தெரியும் என்றார். பிறகு இன்னொரு தாளை எடுத்து என் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டிலும் இருந்த கோடுகள் மேடு பள்ளம் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. இரண்டாவது தாள் வேலங்காட்டுப்புதூர்க் கிணற்றுத் தண்ணீருடையது. மூன்று வாரம் முன்பு அந்த ஊர்ப் பழனாத்தாளிடம் சொல்லி அந்தத் தண்ணீரை அவரிடம் அனுப்பிவைத்தவளே நான்தான்.

புதூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் அப்பாவின் ஊர். அங்கே எங்களுக்கு ஒரு தோட்டமும் கிணறும் உண்டு. பதினைந்து வருடம் முன்பு மேற்கே சாயப்பட்டறைகள் வந்தன. பனியனுக்கு என்ன நிறம் போட்டார்களோ அந்த நிறத்தில் கிணறுகள் ஊறின. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, குடிநீர் லாரி வாங்கினார்கள். ஓட்டுநர் இல்லாமல் தானே வந்து முச்சந்தியில் நின்று, தானே குழாயைத் திறந்து, குடங்கள் நிறைந்ததும் தானே திரும்பிப் போகும் லாரி. பிறகு பட்டறை முதலாளிகள் சங்கம் பெரிய சுத்திகரிப்பு ஆலை கட்டியது, கிணறுகளையும் இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தது. அதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன், உண்மையாகவே செய்தார்கள். மூன்று வருடம் முன்பு ஒரு சோதனை நிலையம் கிணற்று நீரில் சாயமும் இல்லை, உலோகமும் இல்லை, குடிக்கத் தகுந்தது என்று சான்றிதழ் கொடுத்தது. லாரிக் குழாயைப் பூட்டினார்கள். வழித்தடத்தை மாற்ற மறந்துவிட்டதால் அது இன்னும் ஒரு மாதம் தினமும் வந்து, முச்சந்தியில் பத்து நிமிடம் நின்று, ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வருடத்துக்குள் ஊரில் சாயக் காலத்துப் பழைய தொல்லைகள் திரும்பின. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எரியும் தடிப்பு, காலையில் மடக்க முடியாத விரல்கள், வீங்கும் கணுக்கால். சோதித்தால் தண்ணீரில் ஒன்றும் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பழனாத்தாளின் ஆறு வயது மகள் செவ்வந்திக்குக் கழுத்து வரைக்கும் தடிப்பு. பழனாத்தாள்தான் முன்னால் நின்று மனு எழுதி, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை ஆணையம் வரவைத்தாள். லாரி திரும்ப வர வேண்டும், அது ஒன்றுதான் கோரிக்கை. கையில் இருந்த ஒரே ஆதாரம் நவமணியின் பெட்டி.

சரி, என் குப்பிக்குள் அந்தக் கிணறு எப்படி வந்தது? நான்தான் கொண்டுவந்தேன். கிணறு கெட்ட காலத்தில் வெளியிலிருந்து வடிநீர் வாங்கினேன். சான்றிதழ் வந்த அன்று, கம்பெனித் தண்ணீர் செத்த தண்ணீர், என் கிணறு உயிருள்ள தண்ணீர் என்று பெருமையடித்துக்கொண்டு மறுபடி அதில் வடிக்க ஆரம்பித்தேன். ஒன்றும் இல்லாத தண்ணீரிலும் ஏதோ இருக்கும் என்று ஊரெல்லாம் வாய் கிழியப் பேசியவள், ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்த காகிதத்தைப் பார்த்ததும் அப்படியே நம்பிவிட்டேன். என் கொள்கையை நான் நம்பியிருந்தாலே அந்தக் கிணற்றில் குடத்தை விட்டிருக்க மாட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் காங்கேயத்தில் இருக்கும் என் கிளினிக்கைத் திறக்காமல் உட்கார்ந்து மூன்று வருட நோட்டுகளைப் புரட்டினேன். புதூர்க்காரர்களைத் தள்ளிவைத்துவிட்டு வெளியூர்க்காரர்களை மட்டும் பார்த்தேன். மதியத்துக்குள் பதினொரு பேர் தேறினார்கள். தாராபுரம், கோபி, ஊத்துக்குளி என்று எங்கெங்கோ இருந்து தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் என்னிடம் வந்தவர்கள். புதூர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். பதினொரு பேருக்கும் அதே தடிப்பு, அதே இடத்தில். அவர்கள் உடம்புக்குள் போன புதூர் என் மருந்து மட்டும்தான்.

பதினொரு பக்கத்திலும் தடிப்பு வந்த தேதிக்கு நேராக என் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: நோய் வெளியே வருகிறது, நல்ல அறிகுறி. எங்கள் வைத்தியத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் நோய் தோலுக்கு வந்தால் குணமாகிறது என்று அர்த்தம். பதினொரு தடவையும் நான் சந்தோஷப்பட்டு வீரியத்தைக் கூட்டியிருக்கிறேன்.

கோபியில் தேன்மொழி டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஒற்றைத் தலைவலிக்கு வந்தவர். தோல் தடித்து வெடித்து, சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் ஒரு வருடமாக விடுப்பில் இருந்தார். மருந்தை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது, கை கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி, மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் காபி கொண்டுவந்து வைத்த பிறகுதான் பேசினார்.

"எரியுதுன்னு நா அழுதப்ப, நல்ல அறிகுறிங்க டீச்சர்னு கையப் புடிச்சுச் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்ப என்னால மறக்க முடியலீங்க. மன்னிக்கறதெல்லாம் பொறவு பாக்கலாம். அந்த ஆணையத்துல போயி, எங்கிட்டச் சொன்னத ஒரு வார்த்த கொறைக்காமச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பழனாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, உங்களக் கும்புட்டுக் கேக்கறனுங்க, வாயத் தொறக்காதீங்க. தொறந்தீங்கன்னா பழியத் தூக்கி உங்க மேல போட்டுட்டுப் பட்டறைக்காரவிய தப்பிச்சுக்குவாங்க. பெட்டி கெணத்தப் பத்திச் சொன்னா மட்டும் போதுமுங்க. எம்புள்ள குடிக்கற தண்ணீங்க இது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பேசாமல் இருந்தால் வழக்குக்கு நல்லது, எனக்கும் நல்லது, என் வைத்தியத்துக்கும் நல்லது. மூன்றுக்கும் நல்லது என்றால் கெடுதல் யாருக்கு என்று யோசித்தேன். பதினொரு பேருக்கு. மூன்றாம் நாள் நாற்பது குப்பி அறிக்கையையும் பதினொரு பக்கங்களையும் நகல் எடுத்து ஆணையத்தில் நானே கொடுத்தேன். பழனாத்தாள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

விசாரணை புதூருக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் நீதிபதிக்கு மேஜை போட்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் பந்தி நாற்காலிகளில். பட்டறைச் சங்கத்தின் வக்கீல் ரகுநந்தன் நல்ல உயரம், நல்ல குரல், பேசுகிறவரைப் பாதியில் வெட்டத் தெரிந்தவர். கிணற்றில் பழைய சாயத்தின் சுவடு மிஞ்சியிருக்கிறது என்று சாட்சி சொன்ன நவமணியை ஒரு மணி நேரம் குடைந்தார். பெட்டி புதிது, உலகத்தில் வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஞாபகம் என்பதெல்லாம் மந்திரவாதம் என்று கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். அப்போது அவருடைய உதவியாளர் என் காகிதங்களை அவர் முன்னால் நகர்த்தினார். அவர் படித்தார். அவர் முகத்தில் வந்த பிரகாசத்தை நான் பார்த்தேன். பழனாத்தாளும் பார்த்தாள்.

அடுத்த அரை மணி நேரம் அவர் வேறு ஆளாகப் பேசினார். இந்த அம்மாளின் மருந்தில் சாயத்தின் சுவடு இருப்பதாகப் பேராசிரியரின் பெட்டியே சொல்கிறது. புதூரில் இந்த அம்மாளிடம் மருந்து சாப்பிடாத வீடு கிடையாது. புதூரையே பார்க்காத வெளியூர்க்காரர்களுக்கும் அதே நோய் என்று இவருடைய நோட்டே சொல்கிறது. ஆக நோய் வந்தது கிணற்றிலிருந்து அல்ல, கிளினிக்கிலிருந்து என்றார். நீதிபதி குறுக்கிட்டு, அப்படியென்றால் பெட்டியின் அறிக்கையைச் சங்கம் ஏற்கிறதா என்று கேட்டார். ரகுநந்தன் ஒரு விநாடி தயங்கினார். என்னைத் தூக்கில் போட அது வேண்டியிருந்தது. ஏற்கிறோம் என்றார். சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார்.

நீதிபதி என்னைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். எழுந்து நின்றேன்.

"வக்கீலு சொன்னது அத்தனையும் நெசமுங்க ஐயா. அந்தப் பதினோரு பேத்தயும் கெடுத்தது எம்மருந்துதானுங்க. ஒத்துக்கறேன், எழுதிக்குங்க. ஒரு நாளைக்கு நாலு சொட்டுக் குடுத்தேன். அதும் அந்தக் கெணத்துத் தண்ணியக் காச்சி, ஆவியாக்கி, வடிச்சு எடுத்த சொட்டு. நாலு சொட்டு இந்தப் பாடு படுத்துமுன்னு வக்கீலே ஒத்துக்கிட்டாரு. புதூருச் சனம் அதே தண்ணிய வடிக்காமக் கொடங் கொடமாக் குடிக்குதுங்க. அது என்ன பாடு படுத்துமுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

நீதிபதி ரகுநந்தனைப் பார்த்தார். ரகுநந்தன் காகிதங்களைப் பார்த்தார். சற்று முன் சொன்னதைத் திரும்பப் பெறுகிறாரா என்று நீதிபதி கேட்டார். பெற்றால் என் மேல் சொன்ன குற்றம் நிற்காது, பெறாவிட்டால் கிணறு சுத்தம் என்ற சான்றிதழ் நிற்காது. அவகாசம் வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நான் கண்ணி வைத்துப் பிடித்தேன் என்று பழனாத்தாள் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. டீச்சருக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் போனேன். வக்கீல் பேசப் பேசத்தான் எனக்கே வழி தெரிந்தது.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. கிணற்று நீரில் சுவடு மறையும் வரை புதூருக்குக் குடிநீர் லாரி. கூடவே, சுவடு ஏறிய மருந்தைக் கொடுத்து நோயாளிகளுக்குத் தீங்கு செய்ததாக என் பதிவு ரத்து, கிளினிக்குக்கு முத்திரை, என் மேல் தனி வழக்கு. பெயர்ப்பலகையைக் கழற்றிப் போனார்கள். அண்ணன் போன் செய்தார். "கடசீல உம்மருந்துல ஏதோ இருந்துச்சுன்னு நிரூபிச்சுப்போட்ட, பூவு," என்றார். சிரிக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

லாரி வந்த எட்டாவது மாதம் செவ்வந்தியின் கழுத்துத் தடிப்பு இறங்கிவிட்டது. அதே மாதம் சங்கம் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. ஆணையத்தின் அறிக்கை முழுவதையும் தள்ள வேண்டும், பெட்டி பொய், தண்ணீருக்கு ஞாபகமே கிடையாது என்று. மண்டபத்தில் ரகுநந்தன் ஏற்றுக்கொண்டது அவசரத்தில் நேர்ந்த பிழை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

அவர்கள் கையில் புதிதாக ஒரு ஆயுதமும் சிக்கியிருந்தது. அதை என்னிடம் வந்து சொன்னவர் நவமணியேதான். வேறு மாநிலத்தில் ஒரு ஆய்வகம் அவருடைய பெட்டி போலவே செய்து, இருபது மாதிரிகளைச் சோதித்ததில் ஆறில் மட்டும்தான் சுவடு தெரிந்ததாம். ஆறு என்பது குருட்டாம்போக்கிலும் வரலாம் என்று எழுதிவிட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நா பாத்தது பொய்யில்லீங்க, டாக்டரம்மா. ஆனா உறுதின்னு சத்தியம் பண்ண இன்னைக்கு முடியல. நம்ம சோதனைக்குச் சிக்காத ஏதோ ஒரு சாயப்பொருள் ஆவியோட சேந்து உங்க குப்பிக்கு வந்திருக்கலாம். அப்படின்னா அது ஞாபகமே இல்ல, வெறும் அழுக்கு. தண்ணிக்கு ஞாபகம் இல்லைன்னு ஆனாலும் ஆயிடுமுங்க."

"இல்லாட்டிப் போகட்டும்," என்றேன். "பதினோரு பேத்துக்கு இருக்குது."

அப்படிச் சொல்ல என்னால் முடிந்ததே எனக்கு ஆச்சரியம். முப்பத்தொரு வருடம் எதற்காகச் சண்டை போட்டேனோ அதை ஒரு வாய்க் காபி குடிக்கும் நேரத்தில் விட்டுவிட்டேன். அழுக்கோ ஞாபகமோ, சான்றிதழ் கண்டுபிடிக்காத ஒன்று அந்தக் கிணற்றில் இருக்கிறது. அதைக் குடித்தவர்களுக்கும் நோய், அதில் வடித்த நாலு சொட்டைச் சாப்பிட்டவர்களுக்கும் நோய். எனக்கு அவ்வளவு போதும்.

அடுத்த வாரம் ரகுநந்தன் என் வீட்டுக்கு வந்தார். மண்டபத்தில் பார்த்த ஆள் இல்லை, ரொம்ப மரியாதை. அவர் பேசியதன் சுருக்கம் இதுதான். பெட்டி பொய் என்று தீர்ப்பானால் என் மேல் இருக்கும் குற்றமும் தானாக விழுந்துவிடும். பதிவு திரும்பக் கிடைக்கும், கிளினிக் திறக்கும். என் மருந்தில் எதுவும் ஏறவில்லை என்று பெட்டி சொன்னதும் செல்லாது, ஹோமியோபதியும் தப்பித்துவிடும். நான் செய்ய வேண்டியது ஒரு கையெழுத்து. அந்தப் பதினொரு பேரின் தடிப்புக்கும் என் மருந்துக்கும் சம்பந்தம் இருப்பதாக மனக்கலக்கத்தில் எழுதிவிட்டேன் என்று ஒரு பிரமாணப் பத்திரம். அவர் அதைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார்.

எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நிறையவே வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் குற்றவாளி என்ற பெயரோடு பால் வாங்கப் போவது எவ்வளவு கஷ்டம் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

"நீங்க நிரபராதிம்மா," என்றார் ரகுநந்தன். "அத நிரூபிக்கத்தான் நாங்க போராடுறோம்."

எனக்காகப் போராட வேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். காகிதத்தையும் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். வாசல் வரை போனவர் திரும்பி, அப்படியென்றால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மனுவோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கிளம்பியபோது பழனாத்தாள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். தேன்மொழி டீச்சர் ஈரோட்டில் ரயில் ஏறிக்கொண்டார். என்னோடு அவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை, ஆனால் தன் வாக்குமூலத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். எழுத்து ஒரே சீராக இருந்தது. மற்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் தபாலில் அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேர் என் முகத்திலேயே விழிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

சென்னையில் மனு வாங்கும் இடத்தில் இருந்த ஊழியர் கட்டைப் பிரித்து முதல் பக்கத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"அம்மா, தப்பா டைப் ஆயிருக்கு பாருங்க. என்னைக் குற்றமற்றவள் என்று அறிவிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அறிவிக்கணும்னுதானே வரணும்?"

சரியாகத்தான் இருக்கிறது, என்னை விடுவித்தால் அந்தக் கிணற்றையும் விடுவித்ததாகிவிடும், உள்ளே படியுங்கள் என்றேன். அவர் படித்தார். டீச்சரின் வாக்குமூலத்தைப் படிக்கும்போது தலையைத் தூக்கி ஒருதரம் டீச்சரின் கைகளைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

"முப்பது வருஷமா மனு வாங்குறேன். இப்படி ஒண்ணு வந்ததே இல்லம்மா. இத எந்த வகையில சேக்குறதுன்னே எனக்குத் தெரியல. ஆபீசரக் கேக்கணும், நேரம் ஆகும். நீங்க போயிட்டு நாளைக்கு வாங்களேன்."

"கேட்டுட்டு வாங்க," என்றேன். "நம்பர் போடற வரைக்கும் நா இங்கயே உக்காந்திருக்கேன்."

அவர் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. நான் நடுவில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பழனாத்தாள் உட்கார்ந்தாள். டீச்சர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இன்னொரு பக்கம் வந்து உட்கார்ந்தார்.